முறைப்பாட்டுக்குப் பிறகு கூடப் போவது யார்? வன்னியில் பாலியல் வன்முறையும் நீதிக்கான நீண்ட வழியும்

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ பாலியல் வன்முறை நடந்துவிட்டால் ஊர் இரண்டு விதமாகப் பேசும். "வெளியில தெரிஞ்சால் பிள்ளையின்ர வாழ்க்கை போச்சு, பேசாமல் விடுங்கோ" என்பது ஒன்று. "உடன பொலிஸில போய் என்ட்ரி போடுங்கோ" என்பது மற்றது. முதலாவது பேச்சு குற்றவாளியைத்தான் காப்பாற்றும். இரண்டாவது சரியான பேச்சுத்தான், ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. என்ட்ரி போட்ட பிறகு அந்தப் பெண் வருடக்கணக்காக எங்கெல்லாம் அலைய வேண்டும், யாரோடு போவார், அன்றைய கூலி இழப்பை யார் ஈடுசெய்வார் என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. வழக்குகள் தளர்ந்து விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். சட்டத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இருக்கிற சட்டத்தையாவது பயன்படுத்த வேண்டுமென்றால் பாதிக்கப்பட்டவரோடு கடைசிவரை கூடப் போக ஒரு ஆள் வேண்டும்.

இது வன்னிக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய பெண்கள் நல்வாழ்வுக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்குப் பிறகு உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளான பெண்கள் 24.9 வீதம். கணவன் அல்லது துணைவன் கையால் அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் 20.4 வீதம். நாலு பெண்களில் ஒருவர், ஐந்து பெண்களில் ஒருவர். இது நாடு முழுவதுக்குமான கணக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னிப் பக்கம் வரும்போது இதற்கு மேல் போர் விட்டுப்போன சுமையும் சேர்ந்துகொள்கிறது.

2009இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் முள்வேலி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டது. அவற்றில் மிகப் பெரியதான மெனிக்பாம் முகாம் முழுமையாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். ஊர் திரும்பியவர்களில் பலர் கணவனை இழந்த பெண்கள், கணவன் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள், பெற்றோர் இல்லாமல் அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளைகள். தறப்பாள் கொட்டிலுக்குக் கதவு இல்லை. மலசலகூடத்துக்கு இருட்டில் போக வேண்டும். பக்கத்துக் காணியில் ஆட்கள் இன்னும் வந்து குடியேறவில்லை, பற்றைதான். அதற்கு அடுத்ததாக இராணுவ முகாம். ஒரு பெண் உதவி என்று கேட்டுப் போகிற இடத்தில் எல்லாம், வீட்டுத்திட்டமோ நிவாரணமோ வேலையோ லோனோ, கொடுக்கிற கை பெரும்பாலும் ஒரு ஆணுடைய கையாக இருந்தது.

இதில் ஒரு விசயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வன்னியின் பாலியல் வன்முறை பற்றி எழுதுகிறவர்களில் ஒரு பகுதியினர் சீருடைக்காரர் செய்ததை மட்டும் எழுதுவார்கள். இன்னொரு பகுதியினர் எங்கள் ஊர் ஆட்கள் செய்ததை மட்டும் எழுதி, போர்க்காலத்தை மூடிவிடுவார்கள். இரண்டும் நடந்திருக்கிறது, நடக்கிறது. சித்தப்பனும், மாற்றாந்தகப்பனும், டியூசன் வாத்தியும், கடன் வசூலிக்க வருகிறவனும் செய்கிற குற்றம் இனப்பிரச்சினைக் கணக்கில் சேராததால் அது சின்னக் குற்றம் ஆகிவிடாது. அதைப் பேசினால் போராட்டத்துக்கு இழுக்கு என்று யாராவது சொன்னால், அவர் பாதிக்கப்பட்ட பிள்ளையைவிட வேறு எதையோ காப்பாற்றப் பார்க்கிறார் என்றுதான் அர்த்தம்.

சரி, நடந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதல் 72 மணித்தியாலம் மிக முக்கியம். ஆனால் அந்த நேரத்தில்தான் வீட்டில் தாய் பிள்ளையைக் குளிக்க வார்ப்பார், உடுப்பைத் தோய்த்துப் போடுவார் அல்லது எரிப்பார். அன்பினால்தான் செய்கிறார். ஆனால் அதோடு உடலிலும் உடுப்பிலும் இருந்த தடயங்கள் போய்விடுகின்றன. முடிந்தால் குளிக்காமல், அந்த உடுப்பை மாற்றினால் கடதாசிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொலித்தீன் பையில் ஈரம் நின்று தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, கட்டாயம் போகலாம். குளித்ததால் வழக்கு முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்கத் தேவையில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று, முதலில் பொலிஸுக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே சிகிச்சை தொடங்கும், வைத்தியசாலைப் பொலிஸ் ஊடாக மிச்சம் நடக்கும். கர்ப்பம் தங்காமல் தடுக்கும் அவசர மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் நல்ல பலன், ஐந்து நாள்வரை எடுக்கலாம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். இந்த நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றி வேறு எதற்கும் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பாலியல் வல்லுறவால் உண்டான கருவுக்கும் விலக்கு இல்லை. ஆகவே அந்த ஒரு மாத்திரை கிடைக்காமல் போவது ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்னவாக முடியும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்த 72 மணித்தியாலம் எவ்வளவு குறுகியது என்று விளங்கும். அந்தப் பக்கம் நிர்வாகத்தில் முல்லைத்தீவு மாவட்டம். மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரி கரையோரப் பக்கமாக, மாஞ்சோலையில். மாங்குளம் வந்து, ஒட்டுசுட்டான் கடந்து, மாவட்டத்தின் ஒரு அந்தத்தில் இருந்து மற்ற அந்தம்வரை போக வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டினால் சட்ட வைத்திய அதிகாரி இருக்கிற இடத்துக்கு அனுப்புவார்கள். இதற்குள் ஒரு நாள் போய்விடும். முதல் நாள் வீட்டில் யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் அழுததிலேயே போயிருக்கும். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இயங்குகிறது. அங்கே போனால் கேட்டுக்கேள்வி இல்லாமல் இருத்தி வைத்துப் பேசுவார்கள். ஆனால் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் கிராமத்தில் எத்தனை பேர்?

உடல் பரிசோதனை பற்றியும் ஊரில் ஒரு பிழையான நம்பிக்கை உண்டு. "டொக்டர் செக் பண்ணினால் உண்மை தெரிஞ்சிடும்" என்பார்கள். கன்னித்திரை கிழிந்திருப்பதும் கிழியாமல் இருப்பதும் எதையும் நிரூபிக்காது. அதைப் பார்த்து ஒரு பெண்ணின் கடந்த காலத்தைச் சொல்ல மருத்துவத்தால் முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனை என்ற ஒன்றையே நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018இல் கூட்டாகச் சொல்லிவிட்டன. அதுபோல உடலில் காயம் இல்லாததால் சம்மதித்தார் என்று ஆகிவிடாது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவுக்கான விளக்கமே, சம்மதம் இல்லை என்பதை நிரூபிக்க எதிர்த்ததற்கான உடற்காயம் அவசியமில்லை என்று சொல்கிறது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு வந்தது இது. ஆனால் "கத்தியிருக்கலாம்தானே, ஏன் கத்தேல்ல?" என்ற கேள்வி இன்றைக்கும் வீட்டிலும் பொலிஸிலும் முதலில் வருகிறது. பயத்தில் உடல் உறைந்துபோவது மனித இயல்பு. ஷெல் விழுந்தபோது ஓட முடியாமல் அப்படியே நின்றவர்களைக் கண்ட எங்கள் சனத்துக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அடுத்தது பொலிஸ் நிலையம். இங்கே ஒரு மேசையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கும். அன்றைக்கு அங்கே தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் கடமையில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் பெண் தமிழில் சொல்வார், அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்பார், மற்றவர் சிங்களத்தில் எழுதுவார். பாலியல் விசயத்தைச் சொல்ல எங்கள் பெண்களிடம் நேரடிச் சொற்கள் குறைவு. "என்னைப் பிடிச்சவன்", "கெடுத்துப்போட்டான்", "பிழையா நடந்தவன்" என்றுதான் வரும். "பிழையா நடந்தவன்" என்பது கையைப் பிடித்ததாகவும் எழுதப்படலாம், வல்லுறவாகவும் எழுதப்படலாம். சில வருடம் கழித்து மேல் நீதிமன்றத்தில் அதே பெண் தமிழில் தெளிவாகச் சாட்சி சொல்வார். எதிரித்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "பொலிஸுக்கு நீங்கள் இப்படிச் சொல்லவில்லையே" என்று அந்தச் சிங்கள வாக்குமூலத்தைக் காட்டுவார். அது முரண்பாடு என்று குறிக்கப்படும். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ஆனால் வழக்குக்கு விழுந்த முதல் அடி அந்த மேசையில் விழுந்தது.

இதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின்படி, எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும். எழுதிய மொழி விளங்காவிட்டால் விளங்குகிற மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவும் மேலதிகமாகச் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு, உடல் நோவோடு, தனியாக நிற்கிற ஒரு பெண் "எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ, பிறகு சைன் வைக்கிறன்" என்று சொல்வாரா? பக்கத்தில் விசயம் தெரிந்த ஒருவர் நின்றால் சொல்வார். அல்லது அந்த ஒருவரே சொல்லிவிடுவார்.

முறைப்பாடு போன மறுநாளே வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வருவார்கள். "பேசித் தீர்ப்பம்." காசு தருவதாகச் சொல்வார்கள், கலியாணம் செய்து வைப்பதாகச் சொல்வார்கள். வல்லுறவு செய்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைப்பதை ஒரு தீர்வாக இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வெட்கக்கேடு. சட்டப்படி வல்லுறவு, சின்னப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற இணக்கசபையில் தீர்க்கிற விசயமே இல்லை. பிள்ளை 16 வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கோயில் தலைவரோ, சங்கத் தலைவரோ, கிராம சேவகரோ யாராக இருந்தாலும் இதில் சமரசம் பேச அதிகாரம் கிடையாது. மிரட்டி வாபஸ் வாங்கச் சொன்னால் அது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015இல் வந்து, 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது. சாட்சியை மிரட்டுகிறவன் அதன்கீழ் பிணையில் இலேசாக வெளியே வர முடியாது.

போர்க்காலத்தில் பிள்ளையை இயக்கத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில் பதினைந்து, பதினாறு வயதில் கட்டிக்கொடுத்த வீடுகள் வன்னியில் ஏராளம். அந்தப் பயம் போய்விட்டது, பழக்கம் முற்றாகப் போகவில்லை. அப்படிக் கட்டியவர்களில் பலருக்கு வீட்டுக்குள் நடப்பது வன்முறை என்றே சொல்லிக்கொள்ளத் துணிவில்லை. இங்கே சட்டமும் கைவிடுகிறது. நீதிமன்றம் பிரித்து வைத்திருந்தால் ஒழிய, மனைவி மீதான வல்லுறவை இந்த நாட்டுச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், 12 மாதம்வரை கிடைக்கும். ஆனால் வல்லுறவு என்று வழக்குப் போட வழி இல்லை. இந்த ஓட்டையை அடைக்க நாடாளுமன்றத்தில் வன்னிப் பிரதிநிதிகள் குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி.

வழக்கு எவ்வளவு காலம் போகும்? விசுவமடு வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 2010 ஜூனில், மீளக்குடியேறிய பெண்கள் மீது இராணுவத்தினர் பாலியல் வன்முறை புரிந்ததாக முறைப்பாடு. அந்தப் பெண்கள் துணிந்து போய்ச் சொன்னார்கள். யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் நான்கு இராணுவத்தினருக்கு 25 வருடக் கடூழியச் சிறை விதித்தது 2015 ஒக்டோபரில். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது 2019இல். ஒன்பது வருடம். போர் முடிந்து ஒரு வருடம் கொஞ்சம் தாண்டிய நேரத்தில், முகாம்களுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு, சீருடைக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போன பெண்களுக்கு என்ன துணிவு வேண்டியிருந்திருக்கும்! மறுபக்கம், 2015இல் புங்குடுதீவு மாணவியின் படுகொலை வழக்கில் ஊர்களெல்லாம் தெருவில் இறங்கின, மூன்று நீதிபதிகள் முன் விசாரணை நடந்தது, 2017 செப்டெம்பரில் தீர்ப்பு வந்தது. அழுத்தம் இருந்தால் இரண்டரை வருடத்துக்குள் தீர்ப்புச் சொல்ல முடிகிறது. அழுத்தம் இல்லாத வழக்குகள் சட்டமா அதிபரின் குற்றப்பத்திரம் வரக் காத்திருக்கின்றன, இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வரக் காத்திருக்கின்றன. பிறகு தவணை, தவணை, தவணை.

ஒரு தவணை என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. விடிய எழும்பி முதல் பஸ் பிடிக்க வேண்டும். அதே பஸ்ஸில் எதிரியின் தாயும் தமையனும் ஏறுவார்கள், வேறு பஸ் இல்லை. நீதிமன்ற வளவில் நிற்க ஒரு மறைவிடம் கிடையாது, பிணையில் வந்தவன் எதிரே நின்று சிரிப்பான். பதினொரு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். சாட்சி வரவில்லை, சட்டத்தரணிக்குச் சுகமில்லை, அடுத்த தவணை மூன்று மாதம் கழித்து. தோட்ட வேலைக் கூலி அன்றைக்குப் போச்சு. இது பத்துத் தடவை நடந்தால் எந்தப் பெண்ணும் "எனக்கு வழக்கு வேண்டாம், விடுங்கோ" என்றுதான் சொல்வார். அதைக் கேட்டு "பார்த்தியா, பொய் வழக்கு" என்று ஊர் சொல்லும்.

கடன் விசயம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. நுண்கடன் கம்பனிகள் போருக்குப் பிறகு வன்னிக்குள் வந்து, பெண்களைக் குழுவாக இருத்திக் கடன் கொடுத்தன. கட்ட முடியாமல் போன பெண்ணிடம் "வேற விதமா சமாளிக்கலாம்" என்று சொன்னவர்கள் உண்டு. வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் சேர்க்க, கையெழுத்துப் போட, அதே மாதிரிக் கேட்டவர்களும் உண்டு. இதற்குப் பாலியல் இலஞ்சம் என்று பெயர். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இதை வெளிப்படையாகக் குற்றமாக்கியிருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கேட்டவன் குற்றவாளி. கொடுக்க நிர்ப்பந்திக்கப்பட்டவர் தலைகுனிய ஒன்றுமில்லை.

ஆண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தடுப்பில் இருந்த தமிழ் ஆண்கள் மீதும் பெண்கள் மீதும் நடந்த பாலியல் வதையை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2013இலும், ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணை 2015இலும் பதிவு செய்தன. இலங்கைச் சட்டத்தில் வல்லுறவு என்பது பெண்ணுக்கு மட்டுமே நடக்கக்கூடிய குற்றம். ஆணுக்கு நடந்தால் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற வேறு பிரிவில் வரும். அதற்கும் போய்ச் சொல்ல வேண்டுமே. மனைவிக்குக்கூடச் சொல்லாமல், குடியிலும் கோபத்திலும் அதைக் கரைக்கப் பார்க்கிற ஆண்கள் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்த முன்னாள் பெண் போராளிகளுக்கோ நேரெதிரான தண்டனை. அவர்கள் எதுவும் சொல்லாமலே "அங்க என்ன நடந்திருக்குமோ" என்று ஊர் தானாகவே ஒரு கதை கட்டி, சம்பந்தம் பேசுவதையே நிறுத்திவிடுகிறது.

இதில் அவசரமும் இருக்கிறது. கொலையும் தேசத்துரோகமும் தவிர மற்றக் குற்றங்களுக்கு வழக்குத் தொடரப் பொதுவாக 20 வருடம்தான் எல்லை. 2009இல் நடந்தவற்றுக்கு அந்த எல்லை 2029. பொறுப்புக்கூறல் பற்றி ஜெனீவாவில் பேசுகிறவர்களும் இங்கே மேடையில் பேசுகிறவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. எல்லையை நீட்டச் சட்டத் திருத்தம் வேண்டும், இப்போதே வேண்டும்.

கூடப் போகிற ஆள் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உதவியாளர், சிறுவர் பிரிவு உத்தியோகத்தர் என்று பதவிகள் இருக்கின்றன. கிராமத்துக்குள் வீடு வீடாகப் போகிறவர் குடும்பநல உத்தியோகத்தர், எங்கள் மிட்வைஃப். முதல் தகவல் பல நேரம் அவர் காதில்தான் விழுகிறது. சட்ட உதவி ஆணைக்குழுவில் வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி கிடைப்பார். மாதர் சங்கங்களில் துணிந்த பெண்கள் இருக்கிறார்கள். குறை எங்கே என்றால், பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கொடுத்து, இந்தப் பெண்ணுக்கு இந்த ஆள் என்று ஒருவரைக் கடைசித் தவணைவரை நியமிக்கிற ஏற்பாடு இல்லை. பயிற்சிப் பட்டறைக்கும் பதாகைக்கும் கிடைக்கிற காசு இதற்குக் கிடைப்பதில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் கோயில் கோபுரத்துக்குக் கொடுக்கிற மனத்தோடு ஒரு மாவட்டத்துக்கு ஒரு சிறு நிதியம் இதற்கென்று வைத்தால், பல வழக்குகள் தீர்ப்புவரை போகும்.

கூடப் போகிறவர் துப்பறிய வேண்டியதில்லை. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக்கூடாது. "நீ சொல்றதை நான் நம்புறன், இது உன்ர பிழை இல்லை" என்ற பேச்சு முதலில் வேண்டும். ஆஸ்பத்திரியா, பொலிஸா, இப்போதைக்கு ஒன்றும் வேண்டாமா என்று வளர்ந்த பெண் ஒருவர் தானே முடிவெடுக்க விட வேண்டும். பிள்ளை என்றால் காத்திருக்க முடியாது, சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு உடனே சொல்ல வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் சிறுவர், பெண்கள் பணியகம் 109. ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், வழக்கு இலக்கம், அடுத்த தவணைத் திகதி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் ஐந்து வருடம் கழித்தும் கைகொடுக்கும். அப்புறம் முகநூலில் படம், பெயர், பாடசாலை, ஊர் ஒழுங்கையின் பெயர் என்று எதையும் போடக்கூடாது, அனுதாபத்தோடு போட்டாலும் கூடாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி இரண்டு வருடம்வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். செய்தித் தளங்களுக்கும் இதே சட்டம்தான்.